நாற்பத்தொன்றாவது பனியன்

நாற்பத்தொன்றாவது பனியனுக்கு வந்தபோதுதான் அச்சடிக்கும் அண்ணனின் தோள் இறங்கியது. அதுவரை ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் குனிந்து, சட்டத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ரப்பர் பட்டையை இழுத்தவர், மூன்றாம் சுற்றில் பார்க்காமலே இழுக்கத் தொடங்கினார். சட்டம் பலகையில் உட்காரும் சத்தம், பட்டை உரசும் சத்தம், சட்டம் எழும்பும் சத்தம் மூன்றும் ஒரே தாளத்தில் விழுந்தன. மேசையின் மறுமுனையில் பனியன் விரித்துக்கொண்டிருந்த பையனும் அந்தத் தாளத்துக்கு மாறிக்கொண்டான். அடுத்த அரை மணி நேரத்தில் அறுபதும் முடிந்துவிட்டது.

"இப்பதாம்மா கை வந்துச்சு. அதுக்குள்ள வேலை தீந்துபோச்சு," என்றார் அண்ணன், பட்டையில் ஒட்டியிருந்த பச்சைச் சாயத்தை வழித்து டப்பாவில் போட்டபடி. அலுப்பு எதுவும் இல்லாமல்தான் சொன்னார். எனக்கு அந்த வாக்கியம் அதன்பிறகு கூடவே வந்தது.

காக்ஸ் டவுனில் வீலர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் குறுக்குத் தெரு ஒன்றில் இருக்கிறது அந்த அச்சுக்கூடம். பழைய ஓட்டு வீட்டின் பக்கவாட்டுச் சந்தின்மேல் தகரம் போட்டு மூடியிருக்கிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது. தெருமுனை டீக்கடையில் பனியன் பிரிண்டிங் என்று கேட்டால் கையைக் காட்டுகிறார்கள். 1809இல் ஆங்கிலப் படை பெங்களூரில் பாளையம் இறங்கிய பிறகு, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சிப்பாயாகவும் சமையல்காரராகவும் கொத்தனாராகவும் தையல்காரராகவும் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. அண்ணனின் தாத்தா திருப்பத்தூர்ப் பக்கம். அப்பா கல்யாணப் பத்திரிகை அச்சடித்தார். மகன் துணிக்கு மாறினார். கன்னடத்தில் விலை பேசுகிறார், உருதுவில் சாயக்காரரோடு சண்டை போடுகிறார், தமிழில் கணக்குப் பார்க்கிறார்.

நான் அங்கே போனதற்குக் காரணம் என் கூடப்பிறந்த அண்ணனின் மகள். இரண்டு வருடமாக அவள் சின்னதாக ஓர் உடை வியாபாரம் நடத்துகிறாள். ஜீவனஹள்ளியில் வீட்டு முன்னறைதான் கடை, கிடங்கு எல்லாம். போன வருடம் எண்ணிக்கை குறித்து ஒரு பனியன் போட்டாள். நூறு மட்டும், அதற்குமேல் கிடையாது என்று அறிவித்தாள். இந்தத் தொழிலில் இருக்கும் இளைஞர்கள் இதை லிமிடெட் எடிஷன் என்கிறார்கள். வெளியிடும் நாளை டிராப் என்கிறார்கள். 69 விற்றது. ஒன்று 499 ரூபாய் வீதம் 34,431 ரூபாய் வந்தது. நூறு பனியனுக்கு அடக்கம் தலா 270 வீதம் 27,000. அனுப்பிய செலவு 4,140. படம் எடுத்தவருக்கு 3,000. கையில் நின்றது 291 ரூபாயும் 31 பனியனும். அந்த 31இல் பெரும்பாலானவை மிகச் சிறிய அளவும் மிகப் பெரிய அளவும். இன்னும் அவள் கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டியில் கிடக்கின்றன.

"அத்தை, இதை இன்னும் செய்யலாமா, இல்ல எப்பவும் விக்கிற சாதா சரக்கோட நிறுத்திக்கலாமா? நீங்க போய் வேலை செய்யறவங்களப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நான் கேட்டா, பார்ட்டி வந்திருக்குன்னு நினைச்சு விலை மட்டும்தான் சொல்றாங்க," என்றாள். அவளே அடுத்த பனியனுக்கும் படம் வரைந்து வைத்திருந்தாள். தூங்குமூஞ்சி மரம், அதன் அடியில் பூக்காரம்மாவின் தள்ளுவண்டி, உதிர்ந்து கிடக்கும் இளஞ்சிவப்புப் பூக்கள். பச்சை, பழுப்பு, இளஞ்சிவப்பு என மூன்று நிறம். இந்த முறை முன்பணம் வாங்கிக்கொண்டாள். 52 பேர் கட்டியிருந்தார்கள். அச்சில் கெடுவதற்கும் அளவு மாற்றித் தருவதற்கும் சேர்த்து 60 என்று முடிவு செய்திருந்தாள்.

அந்த அறுபதின் பின்னால்தான் நான் நடந்தேன்.

முதல் நாள் மாலை ஒரு பனியன்கூட மேசைக்கு வரவில்லை. மூன்று சட்டங்கள்தான் வந்தன. மரச் சட்டத்தில் நைலான் வலைத்துணி இழுத்துக் கட்டியிருக்கிறது. விரலால் சுண்டினால் தப்பட்டை போல ஒலிக்க வேண்டும். தொய்வு இருந்தால் படம் கலையும். மஞ்சள் பல்பு மட்டும் எரியும் சின்ன அறையில், ஒளிபட்டால் இறுகும் ஒரு பசையை வலையின் இருபுறமும் ஒரே தடிமனாகப் பூசினார். முன்பெல்லாம் இதில் பைக்ரோமேட் கலப்பார்களாம், விரல் நகமெல்லாம் மஞ்சளாகவே இருக்குமாம். அது உடம்புக்கு நஞ்சு என்று தெரிந்த பிறகு டயஸோ கலவைக்கு வந்துவிட்டார். பூசியது காய ஓர் இரவு.

மறுநாள் காலை, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக எடுத்த கறுப்புப் படத்தாளைச் சட்டத்தின் அடியில் வைத்து விளக்குப் பெட்டியின்மேல் கிடத்தினார். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். படம் மறைத்த இடம் இளகியே இருக்கும். தண்ணீர் பீய்ச்சினால் இளகிய பசை கரைந்து ஓடி, வலையில் மரம் தெரியும், பிறகு வண்டி, பிறகு பூ. பசையில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்திருந்தாலும் பனியனில் புள்ளி விழும். சட்டத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒவ்வொரு ஓட்டையாகத் தேடித் தூரிகையால் அடைத்தார். அதற்கே முக்கால் மணி நேரம்.

அப்புறம் மேசை. நீள மேசையின்மேல் இருபது பலகைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பசை தடவிப் பனியனை மாட்டுவார்கள். பனியன்கள் அசையாமல் கிடக்கும். மனிதர்தான் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பார். பச்சை இருபதுக்கும் போட்டுவிட்டு முதல் பலகைக்குத் திரும்பும்போது அது காய்ந்திருக்க வேண்டும், பிறகு பழுப்பு, பிறகு இளஞ்சிவப்பு. மூன்றும் ஒரே இடத்தில் உட்கார, பலகை ஓரத்துக் கம்பியில் ஒரு தடுப்புக் கட்டையை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தித் திருகுவார். ஒன்று தள்ளினால் பூ மரத்தைவிட்டு வண்டியின் சக்கரத்தில் விழுகிறது. காலை ஒன்பதரைக்குத் தொடங்கிய இந்தச் சரிசெய்தல் ஒரு மணிக்குத்தான் ஓய்ந்தது. தண்ணீரில் கரையும் சாயம் வலையிலேயே காய்ந்து கண்ணை அடைத்துக்கொள்ளும் என்பதால், நடுநடுவே ஈரத் துணியால் துடைக்க வேண்டும். மின்விசிறியை அணைத்துவிட்டு வேர்வையோடு வேலை செய்தார்கள்.

சாப்பிட்டுவிட்டு வந்து அறுபதையும் அடிக்க இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

நான் குறிப்பேட்டில் இரண்டு எண்களை எழுதி அடிக்கோடிட்டேன். முன்வேலைக்கு ஒரு மாலையும் ஒரு காலையும். அச்சுக்கு இரண்டு மணி நேரம். ஆனால் கூலி அச்சுக்குத்தான். ஒரு நிறத்துக்கு ஒரு பனியனுக்கு 15 ரூபாய். சட்டத்துக்கு 500 ரூபாய் தனியாக வாங்குகிறார், அது படத்தாள், பசை, வலை தேய்மானம் இவற்றுக்கே சரியாகிவிடுகிறது. தடுப்புக் கட்டையைத் திருகிய மூன்றரை மணி நேரம் எந்தக் கணக்கிலும் வரவில்லை. அறுநூறு பனியனாக இருந்தால் அந்த மூன்றரை மணி நேரம் அறுநூறிலும் கரைந்துவிடும். அறுபதில் கரையாது. அது அண்ணனின் உடம்பிலேயே நின்றுவிடுகிறது.

சுவரில் ஆணியடித்து ஒரு துணி தொங்குகிறது. எந்தச் சட்டம் புதிதாக வந்தாலும் பனியனுக்கு முன்னால் முதல் இழுப்பு அந்தத் துணியில்தான். வருடக் கணக்கில் ஒன்றின்மேல் ஒன்றாக அடித்து அது இப்போது தோல் போலத் தடித்துவிட்டது. அதைக் கிட்டப் போய் ரொம்ப நேரம் படித்தேன். கால்பந்துக் குழு ஒன்றின் எண்கள். அல்சூர் பக்கத்துக் கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பையன்களுக்கு மே மாதம் என்றால் கால்பந்துப் போட்டி, போட்டி என்றால் பனியன். அதன்மேல் மாதாவின் படம். ஆகஸ்ட் 29இல் சிவாஜி நகர் மரியன்னை பேராலயத்தில் கொடியேற்றி செப்டம்பர் 8இல் திருவிழா முடியும்வரை, பங்கு இளைஞர் குழுவினர் காவி நிறத்தில் கேட்டு வருவார்கள். அதன்மேல் நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவத்துக்கான மஞ்சளும் சிவப்பும். ஒரு கல்லூரி விழா. ஒரு ஐ.டி. கம்பெனியின் சுற்றுலா. யாரோ ஒரு பாட்டியின் எண்பதாம் பிறந்த நாள், பாட்டியின் சிரித்த முகத்தோடு.

எண்ணிக்கை வைத்துப் போடுகிற சரக்கு இந்தத் தெருவுக்குப் புதிதல்ல என்று அந்தத் துணி சொன்னது. திருவிழாப் பனியன் எப்போதும் எண்ணித்தான் போடப்பட்டிருக்கிறது. குழுவில் 35 பேர் என்றால் 35. மிச்சமும் இல்லை, பற்றாக்குறையும் இல்லை. யார் யாருக்கு என்ன அளவு என்று ஒரு நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். வாங்குகிறவர் யாரென்று தெரிந்த பிறகே சாயம் கலக்கப்படும். வியாபாரத்தில் இதைவிடப் பத்திரமான முறை எனக்குத் தெரியவில்லை. என் அண்ணன் மகள் முதல் தடவை செய்த தவறு, எண்ணிக்கையை முதலில் சொல்லிவிட்டு ஆட்களைப் பிறகு தேடியது.

நாள் குறித்த சரக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. மூலையில் கோணியில் கட்டி ஒரு மூட்டை இருந்தது. என்ன என்று கேட்டேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. 2025 ஜூன் 3 இரவு, பதினெட்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு பெங்களூர் அணி ஐ.பி.எல். கோப்பையை வென்றது. ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. அன்றிரவே ஒருவர் வந்து, ஊர்ப் பெயரும் வருடமும் மட்டும் போட்டு இருநூறு கேட்டார். இரவெல்லாம் அடித்தார்கள். மறுநாள் மாலை சின்னசாமி மைதானத்து வாசல் நெரிசலில் 11 பேர் இறந்துபோனார்கள். கேட்டவர் சரக்கை எடுக்க வரவில்லை, இவரும் கூப்பிடவில்லை.

"துடைக்கிற துணியா கிழிக்கலாம்னு பையன் சொன்னான். எனக்கு மனசு வரலம்மா. சின்னச் சின்னப் பசங்க," என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள், அச்சான பனியன்கள் பொதியாகக் கட்டப்பட்டு அடுத்த தெருவில் மாடி வீட்டுக்குப் போயின. அங்கே ஓர் அக்கா. ஒற்றை ஊசி தையல் இயந்திரம் ஒன்று, பழைய ஓவர்லாக் ஒன்று, சன்னல் ஓரத்தில் துளசிச் செடி, சுவரில் இயேசுவின் இருதயப் படம். என்னை மேடம் என்று தொடங்கி, டீ குடித்து முடிப்பதற்குள் சிஸ்டர் ஆக்கிவிட்டார். பதினான்கு வருடம் ஏற்றுமதித் துணி ஆலை ஒன்றில் சட்டைக் கை மட்டும் பொருத்தியவர். வேறு எதையும் தைக்கவில்லை, பதினான்கு வருடமும் கை மட்டும். மணிக்கு இத்தனை என்று பலகையில் எழுதியிருப்பார்களாம். 2016இல் வருங்கால வைப்பு நிதியை நினைத்தபோது எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தபோது, ஏப்ரலில் இந்த ஊர் ஆலைப் பெண்கள் யாரும் அழைக்காமல் சாலைக்கு வந்தார்கள். இரண்டாம் நாளே விதி திரும்பப் பெறப்பட்டது. அந்தக் கூட்டத்தில் இவரும் நின்றிருக்கிறார். அந்தப் பணத்தில்தான் பிறகு இந்த இரண்டு இயந்திரங்களும் வந்தன.

என் அண்ணன் மகளின் பனியனுக்கு இவர் செய்ய வேண்டியது, கழுத்தில் ஏற்கெனவே இருக்கும் கம்பெனி முத்திரையைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதிய முத்திரையைத் தைப்பது, கீழ் ஓரத்தில் ஒரு சின்னத் துணிப்பட்டி வைப்பது. இரண்டுக்கும் சேர்த்துப் பனியனுக்கு 6 ரூபாய். கேட்க எளிது. பிரிக்கும்போது கத்தி ஒரு கண்ணியில் பட்டால் கழுத்தே ஓடிவிடும். நாலு அளவுக்கு நாலு முத்திரை, மாறிப் போய்விடக் கூடாது. என்னையே கடிகாரம் பார்க்கச் சொன்னார். முதல் இருபதுக்கு ஒன்றேகால் மணி நேரம். கடைசி இருபதுக்கு முப்பத்தைந்து நிமிடம். பொதியைப் பிரித்தது, அளவு பிரித்தது, நூல் மாற்றியது, பிசிறு வெட்டியது எல்லாம் சேர்த்துக் காலை பத்திலிருந்து மதியம் இரண்டுவரை. கூலி 360 ரூபாய்.

"ஃபாக்டரியில டார்கெட் கழுத்தைப் பிடிச்சிது, சிஸ்டர். இங்க டார்கெட் இல்ல. ஆனா பீஸும் இல்ல. அறுபது தெச்சு முடிச்சா, அடுத்த பொதி எப்ப வரும்னு தெரியாது. வந்தா வேற மாதிரி வேலையா வரும். திரும்பவும் மொதல்லேர்ந்து."

பீஸ் ரேட் என்பது கை பழகுவதை நம்பி வைத்த கூலி. ஒரே வேலை ஆயிரம் தடவை வரும், கை ஓடும், ஓட ஓடக் கூலி கூடும் என்பது அதன் கணக்கு. திருப்பூரிலும் ஓசூர் சாலை ஆலைகளிலும் அந்தக் கணக்குக்கு ஏதோ ஓர் அர்த்தம் உண்டு. அறுபது பனியன் வியாபாரத்தில் அதே கூலி முறையை அப்படியே எடுத்து வைத்திருக்கிறோம். அரிதான சரக்கு என்று சொல்லி விற்கிறவர் கூடுதல் விலை வைக்கிறார். அரிதாக இருப்பதற்கான உழைப்புச் செலவை அச்சடிப்பவரும் தைப்பவரும் சுமக்கிறார்கள். இந்த நாலு நாளில் நான் கண்டதில் என்னை மிகவும் உறுத்தியது இதுதான். என் வீட்டுப் பிள்ளையும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள், தெரியாமல்.

நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்கு வெள்ளையும் கறுப்பும் பிடிக்கவில்லை. நம்ம ஊர்ச் செம்மண் நிறத்தில் ஒரு பனியன் வேண்டும் என்று ஆசை. பனியன் துணி வருவது திருப்பூரிலிருந்து. அங்கே சாயப்பட்டறையில் துணி கிலோக் கணக்கில்தான் இறங்கும். சதுர மீட்டருக்கு 180 கிராம் (ஜி.எஸ்.எம்.) துணியில் கிலோவுக்கு நாலு, மிஞ்சினால் நாலரை பனியன் வரும். நூறு கிலோ பிடிக்கும் இயந்திரத்தில் அவளுக்காக ஒரு நிறம் போட்டால் 400 பனியனுக்குமேல் துணி நிற்கும். அறுபதுக்காக அதைச் செய்வது வீண். பணம் மட்டுமா வீண்? நொய்யல் ஆறு சாயக் கழிவால் பட்டது நாம் மறக்கக் கூடாதது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு அது போனது. ஆகவே சின்ன வியாபாரி, சந்தையில் தயாராகக் கிடைக்கும் நிறத்தில் அடித்துக்கொள்வதே நல்லது. எந்த எண்ணிக்கை சின்னது என்பதைப் பனியனில் பார்ப்பது போலவே சாயத் தொட்டியிலும் பார்க்க வேண்டும்.

இயற்கையாகவே எண்ணிக்கை அமைந்த தொழில்கள் நம்மிடம் உண்டு. காஞ்சிபுரத்தில் ஒரு பாவு பெரும்பாலும் மூன்று சேலைக்கு ஓட்டப்படுகிறது. அது அறுந்தால், அதாவது முடிந்தால், அந்தச் சேலை அத்தோடு சரி. அடுத்த பாவு வேறு. யாரும் அறிவிக்கவில்லை, விளம்பரமும் இல்லை. தறியே கணக்கு வைத்திருக்கிறது. அச்சுச் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். வேலை முடிந்ததும் பெரும்பாலும் வலையைக் கழுவிப் படத்தை அழித்துவிடுவார்கள், அதே சட்டம் அடுத்த வேலைக்குப் போகும்.

இப்போது படத்தாளிலேயே நிறத்தை அச்சிட்டு, சூட்டில் அழுத்திப் பனியனில் ஏற்றும் டி.டி.எஃப். முறை வந்துவிட்டது. சட்டம் வேண்டாம், தடுப்புக் கட்டை வேண்டாம், ஒரே ஒரு பனியன்கூட அடிக்கலாம். அண்ணன் அதைப் பழிக்கவில்லை. "முப்பதுக்குக் கீழன்னா நானே அங்க அனுப்பிடுவேன்," என்கிறார். அதன் படம் துணிமேல் ஒரு படலமாக ஒட்டி நிற்கும். தண்ணீர்ச் சாயம் நூலுக்குள் இறங்கியிருக்கும், தடவினால் விரலுக்குத் தெரியாது. எனக்கு அந்த முறையில் தோன்றும் கவலை வேறு. அங்கே படம் கணினியில் அப்படியே இருக்கிறது. நூறு என்று சொல்லிவிட்டு நூற்றொன்றாவதை அடிக்க ஒரு பொத்தான் போதும். சட்டத்தில் எல்லை பொருளிலேயே இருந்தது. அங்கே எல்லை விற்கிறவரின் வாக்கில் மட்டும் இருக்கிறது.

வாக்கு எப்படிப் போகும் என்பதற்கு உலகத்தில் உதாரணம் இருக்கிறது. 1994இல் நியூயார்க்கில் ஒரு சின்னச் சறுக்குப்பலகைக் கடையாகத் தொடங்கிய சுப்ரீம், வியாழக்கிழமைதோறும் கொஞ்சமாகச் சரக்கை இறக்கி, வாசலில் வரிசை நிற்க வைத்துப் பெயர் பெற்றது. 2020இல் வி.எஃப். நிறுவனம் அதை 210 கோடி டாலருக்கு வாங்கியது. நாலு வருடத்தில் 150 கோடிக்கு விற்றுவிட்டது. பெரிய கைக்குப் போன அருமை அதே அருமையாக இருக்கவில்லை. பிரிட்டனின் பர்பெரி நிறுவனம் விற்காமல் நின்ற 2 கோடியே 86 லட்சம் பவுண்டு மதிப்புள்ள சரக்கை ஒரே ஆண்டில் அழித்தது 2018இல் வெளியே வந்தது. மலிவாகப் போய்விட்டால் பெயர் கெடும் என்று எரித்திருக்கிறார்கள். எதிர்ப்பு வந்த பிறகு நிறுத்தினார்கள். தைத்த கைகளை நினைத்துப் பார்த்தால் எனக்கு அதைப் படிக்கவே பொறுக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் 31 பனியன் எவ்வளவோ மேல். அவற்றை அவள் பாதி விலைக்குத் தாராளமாகத் தரலாம், அதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

எல்லாப் பனியனுக்கும் எல்லை வைக்கவும் கூடாது. 2020 செப்டம்பரில் இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜாவும் நடிகர் மெட்ரோ சிரிஷும் ஒரு புகைப்படத்தில் நின்றார்கள். ஒருவர் பனியனில் தமிழ் பேசும் இந்தியன் என்று இருந்தது, இன்னொருவர் பனியனில் இந்தி தெரியாது போடா என்று. சில நாட்களில் தமிழ்நாடு முழுக்க அந்த வாசகம் கேட்கப்பட்டது, திருப்பூருக்கு ஆர்டர்கள் குவிந்தன. அதை யாராவது நூறு மட்டும் என்று எண்ணி விற்றிருந்தால் அபத்தம். கோரிக்கையைச் சொல்லும் துணி பலர் உடம்பில் ஏற வேண்டும். ஒரு தெருவின் மரத்தையும் பூக்காரம்மாவையும் நினைவில் வைக்கும் துணி, அந்தத் தெருவைத் தெரிந்த ஐம்பது பேரிடம் இருந்தால் போதும்.

ஐம்பது என்றதும் இன்னொரு சட்டம் நினைவுக்கு வருகிறது, மரத்தில் செய்யாதது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டு, அது பயன்படுத்தப்பட்ட பொருளைத் தொழில்முறையில் ஐம்பது தடவைக்குமேல் உரியவர் தயாரித்துவிட்டால், அந்த வடிவத்தின்மீதான பதிப்புரிமை போய்விடும் என்கிறது. வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்தால் முதலில் பத்து வருடமும் பிறகு ஐந்து வருடமும் காப்பு உண்டு. உடை வடிவமைப்பாளர் தருண் தஹிலியானியின் நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், ஒரு வடிவத்தை ஐம்பதுக்குக் குறைவாகவே செய்கிறோம் என்பதுதான் அவர்கள் தரப்பின் பலம். 2008இல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. தனியாக வரைந்த ஓவியம் கலைப்படைப்பா, தொழில் வடிவமா என்பதில் நீதிமன்றங்கள் பல விதமாக நுணுகிப் பார்க்கின்றன. உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரலில் அதற்கு ஒரு சோதனை முறையை வகுத்தது. எனவே அவள் மரமும் வண்டியும் எந்தப் பக்கம் விழும் என்று வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளச் சொன்னேன். அறுபதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் இப்படி ஒரு வரப்பு இருப்பது, எண்ணிப் போடுகிறவர்களில் பலருக்குத் தெரியவே தெரியாது. அவளுக்கும் தெரியவில்லை.

நாலாம் நாள் அவளையே கூட்டிக்கொண்டு போனேன். அறுபதில் மூன்று கெட்டிருந்தது, பூ நகர்ந்து. 52 பேருக்குப் போக ஐந்து கையில். அண்ணன் துண்டுத் தாளில் கணக்கு எழுதி நீட்டினார். அவள் பணத்தை எண்ணத் தொடங்கியபோது, நான் குறிப்பேட்டைத் திறந்து, குறித்து வைத்திருந்த நேரங்களைக் காட்டினேன். காலை ஒன்பதரை, மதியம் ஒன்று. பக்கத்தில் அக்காவின் ஒன்றேகால் மணி நேரமும் முப்பத்தைந்து நிமிடமும்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அண்ணனிடம், "கட்டை திருகின நேரத்துக்கு நீங்க ஏன்ண்ணா எழுதல?" என்றாள்.

"எழுதினா நீங்க வேற எடத்துக்குப் போயிடுவீங்களேம்மா."

ஒளித்து வைக்காமல் சொன்னார். வெளியே ஒரு தள்ளுவண்டி மணி அடித்துக்கொண்டு போனது. மூவரும் உட்கார்ந்து பேசினோம். நூறுக்குக் குறைந்த எந்த வேலைக்கும் அரை நாள் கூலி 1,000 ரூபாய், அச்சுக்கூலிக்கு மேலே, தனி வரியாக. அக்காவுக்கு அறுபது பனியன் என்றாலும் நாற்பது என்றாலும் ஒரு பொதிக்குக் குறைந்தது 600 ரூபாய். இந்த முறை 360 என்றால், 240 கூடுதல். இரண்டும் சேர்ந்து 1,240. அதை அறுபதால் வகுத்தாள். பனியனுக்கு ஏறக்குறைய 21 ரூபாய் வந்தது. 499 ரூபாய்க்கு வாங்கியவர் 520 கொடுத்திருக்க மாட்டாரா என்று என்னைக் கேட்டாள். கொடுத்திருப்பார் என்றேன். உறுதியாகவே நம்புகிறேன். அந்தப் பூக்காரம்மாவுக்காக முன்பணம் கட்டிக் காத்திருக்கிறவர், 21 ரூபாயில் பின்வாங்க மாட்டார்.

"இந்தத் தடவை என் கையிலேர்ந்து தரேன். அடுத்த தடவை விலையில சேத்துடறேன்," என்றாள். இன்னொன்றும் ஒப்புக்கொண்டாள். முன்பணம் முடிகிற நாளையும் அனுப்புகிற நாளையும் அவளாக அறிவிக்காமல், அண்ணனிடமும் அக்காவிடமும் கேட்டபிறகுதான் அறிவிப்பது. இதுவரை ஞாயிறு இரவு ஆர்டர் முடித்துவிட்டு வெள்ளிக்கிழமை அனுப்புவதாகச் சொல்லிவிடுவாளாம்; நடுவே இருக்கும் நாலு இரவுகள் யாருடையவை என்று அவள் யோசித்ததே இல்லை.

எழுந்தபோது அண்ணன் மூன்று சட்டங்களையும் காட்டிக் கேட்டார். "வச்சிருக்கட்டுமா, கழுவிடட்டுமா? நல்லா வந்திருக்கு. நாளைக்கு யாராச்சும் கேட்டா அப்படியே அடிச்சுக் குடுக்கலாம். திரும்ப ஒரு காலை போகாது."

அவளுக்கு முகம் மாறியது. அந்த வாரம் மட்டும் பதினோரு பேர் இன்னும் கிடைக்குமா என்று எழுதிக் கேட்டிருந்தார்கள். என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"ஐம்பத்திரண்டு பேர்கிட்ட இதுதான் கடைசின்னு சொல்லிட்டேன்ண்ணா. கழுவிடுங்க."

அவர் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, பச்சைக்கான சட்டத்தைத் தொட்டியில் நிறுத்தி, கரைக்கும் திரவத்தைப் பஞ்சால் தடவினார். சில நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தண்ணீரைப் பீய்ச்சியதும் மரத்தைச் சுற்றியிருந்த பசை கிளை கிளையாக இளகி ஓடியது. வலை வெளுத்துக்கொண்டே வந்தது. பையன் அதை வாங்கி வெயிலில் சாய்த்து வைத்தான்.

"காலையில காய்ஞ்சிடும்," என்றார் அண்ணன். "சர்ச் பசங்க பதினாறு பேருக்கு நம்பர் போடணும். அவங்ககிட்டயும் அந்த அரை நாள் கேக்கணுமாம்மா?"

"கேளுங்கண்ணா," என்றாள் அவள்.

"சின்னப் பசங்க," என்று முனகிக்கொண்டே பழுப்புச் சட்டத்தைத் தொட்டிக்குள் இறக்கினார்.